சோலெடாட்: தனிமை என்ற பெயர் கொண்ட ஊரும் இரண்டு நண்பர்களும்

கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கில் சோலெடாட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தனிமை என்று பொருள். ஸ்பானியப் பாதிரிமார்கள் 1791இல் அங்கே கட்டிய மாதா கோயிலிலிருந்து வந்த பெயர் அது. ஜான் ஸ்டீன்பெக் 1937இல் வெளியிட்ட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்ற குறுநாவலின் கதை இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. அவர் இந்தப் பெயரைக் கற்பனை செய்யவில்லை. பக்கத்திலுள்ள சலினாஸில் 1902இல் பிறந்தவர் அவர். சொந்த மண்ணில் இருந்த ஒரு பெயரை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கதையைப் படிக்காதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ஜார்ஜ், லென்னி என்று இரண்டு கூலித் தொழிலாளர்கள். ஜார்ஜ் சிறிய உருவம், கூர்மையான புத்தி. லென்னி மலை போன்ற உடல், குழந்தை மனம். ஓர் ஊரில் லென்னியால் வம்பு வந்து, இருவரும் தப்பி ஓடிவந்து சோலெடாட் அருகே ஒரு பண்ணையில் பார்லி மூட்டை தூக்கும் வேலையில் சேர்கிறார்கள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு வீடு, லென்னிக்கு வளர்க்க முயல்கள், இதுதான் அவர்கள் கனவு.

நாவலில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஜார்ஜும் லென்னியும் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பண்ணை முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. லென்னியின் கூலியை ஜார்ஜ் பிடுங்கிக்கொள்கிறானோ என்று கேட்கிறான். ஒருவன் இன்னொருவனுக்காக இவ்வளவு சிரமப்படுவது அவனுக்கு விளங்கவில்லை. நட்பு ஏன் சந்தேகத்துக்குரிய பொருளானது? இதற்குப் பதில் நாவலில் இல்லை, கலிபோர்னியாவின் வரலாற்றில் இருக்கிறது.

அமெரிக்க அரசு 1862இல் ஒரு சட்டம் போட்டது. மேற்கே போய்க் குடியேறி ஐந்து வருடம் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்றது அந்தச் சட்டம். ஆனால் கலிபோர்னியாவின் நல்ல நிலங்களில் பெரும்பகுதி, ஸ்பானிய, மெக்சிகோ ஆட்சிக் காலத்து மானியங்களாகப் பெரிய பெரிய துண்டுகளாக முன்பே பிரிந்துவிட்டிருந்தது. அவை கைமாறியபோதும் பெரும்பாலும் பெரிய கைகளுக்கே போயின. அதனால் அங்கே பெரும் பண்ணைகள் வளர்ந்தன. பெரும் பண்ணைக்கு வருடம் முழுவதும் ஆள் தேவையில்லை. அறுவடைக்குச் சில வாரங்கள் நூற்றுக்கணக்கான பேர் வேண்டும். முடிந்ததும் அவர்கள் போய்விட வேண்டும்.

இந்த முறைக்குத் தோதான ஆள், குடும்பம் இல்லாத, ஒற்றை ஆள். போர்வையைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு அவன் நடப்பான். படுக்கையைக்கூட அவனே சுமக்க வேண்டும் என்பதால் 'மூட்டைக்காரன்' என்ற பொருள் தரும் பட்டப்பெயர் அவனுக்கு வந்தது. நகரத்தில் வேலை பிடித்துத் தரும் ஏஜென்சியில் சீட்டு வாங்கி, சீட்டில் எழுதிய பண்ணைக்குப் போவான். ஜார்ஜும் லென்னியும் அப்படித்தான் வருகிறார்கள். சீட்டு ஆளுக்கு ஒன்று. நண்பர்களுக்கு என்று ஒரு சீட்டு கிடையாது.

ஆட்கள் அதிகம் வந்தால் கூலி குறையும். வீட்லாண்ட் என்ற ஊரில் 1913இல் ஒரு பண்ணை முதலாளி தேவைக்கு மேல் ஆள் கேட்டு விளம்பரம் செய்தார். சுமார் 2,800 பேர் வந்து குவிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, போதிய கழிப்பறை இல்லை. கலவரம் மூண்டு 4 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நிற்பவன் நண்பன் அல்ல, தன் கூலியைக் குறைக்க வந்தவன் என்று நினைக்க வைக்கும் ஏற்பாடு அது.

ஸ்டீன்பெக் இதை வெளியிலிருந்து பார்த்தவர் அல்ல. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1919இல் சேர்ந்து, விட்டு விட்டுப் படித்து, பட்டம் வாங்காமலே 1925இல் வெளியேறியவர். இடையில் ஸ்ப்ரெக்கல்ஸ் சர்க்கரை நிறுவனத்தின் பண்ணைகளில் வேலை செய்தார். லென்னி ஒரு நிஜ மனிதன் என்று 1937இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் அவர் சொன்னார். அந்த மனிதனோடு பல வாரங்கள் வேலை செய்ததாகவும், அவன் கொன்றது கதையில் வருவதுபோல் ஒரு பெண்ணை அல்ல, பண்ணை மேலாளர் ஒருவரை என்றும் கூறினார். காரணம் என்ன தெரியுமா? அவனுடைய நண்பனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இனி அவர்கள் கனவின் கணக்கைப் பார்ப்போம். ஜார்ஜ் மனதில் வைத்திருக்கும் இடம் 10 ஏக்கர், விலை 600 டாலர். சாப்பாடும் படுக்கையும் போக மாதக் கூலி 50 டாலர். பண்ணையில் கூட்டிப் பெருக்கும் கிழவர் கேண்டி இயந்திரத்தில் ஒரு கையை இழந்தவர். அதற்கு நஷ்ட ஈடாகக் கிடைத்தது 250 டாலர். அதோடு தன் சேமிப்பையும் மாதக் கூலியையும் சேர்த்து 350 டாலர் தருகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். நண்பர்களின் மாதக் கூலி 100 டாலர் சேர்ந்தால் 450 ஆகிறது. அதுவரை வெறும் பேச்சாக இருந்த கனவு, மூன்று பேர் சேர்ந்ததும் ஒரே மாதத் தூரத்துக்கு வந்துவிடுகிறது. தனி ஆளாக இருந்தவரை அது யாருக்கும் எட்டவில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

கேண்டியின் அவசரத்துக்கும் காரணம் உண்டு. வேலைக்கு ஆகாதவன் என்று ஒருநாள் தன்னையும் துரத்திவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயம் வீண் பயம் அல்ல. முதியோருக்கு ஓய்வூதியம் தர 1935இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதில் பண்ணைத் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை. தொழிற்சங்க உரிமை தந்த அதே வருடத்துச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவர்களை விட்டுவிட்டது.

பண்ணையின் லாயத்தில் வேலை செய்யும் குரூக்ஸ் ஒரு கறுப்பர். மற்றவர்கள் படுக்கும் கொட்டகைக்குள் அவர் நுழையக் கூடாது. அவர் அறையில் கலிபோர்னியாவின் 1905ஆம் ஆண்டுச் சிவில் சட்டப் புத்தகம் ஒன்று கிழிந்த நிலையில் இருக்கிறது. சட்டம் படித்தவர், ஆனால் சீட்டாட ஒரு துணை இல்லை. பண்ணையில் இருக்கும் ஒரே பெண், முதலாளி மகனின் மனைவி. அவளுக்குச் சினிமா நடிகையாகும் கனவு இருந்தது. அவளுக்கு ஆசிரியர் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

நாவல் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் வயல்களில் ஜப்பானியர், மெக்சிகர், பிலிப்பினோக்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். ஜப்பானியர் நிலம் வாங்குவதை 1913இல் ஒரு சட்டம் தடுத்தது. ஜார்ஜின் 10 ஏக்கர் கனவைக் காண்பதற்கே அவர்களுக்கு வழியில்லை. பிலிப்பினோக்களில் பெரும்பாலோர் தனியாக வந்த இளைஞர்கள். அவர்கள் வெள்ளைப் பெண்களை மணப்பதை 1933இல் கலிபோர்னியா தடை செய்தது. தனிமை அவர்களுக்குச் சட்டமாகவே எழுதப்பட்டது.

1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் ஆண்கள் மட்டுமே, குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. ஆள் மாறினான், முறை மாறவில்லை.

நாவலின் முடிவில் லென்னி தெரியாமல் அந்தப் பெண்ணைக் கொன்றுவிடுகிறான். கும்பல் கையில் அவன் சிக்குவதற்கு முன், ஜார்ஜே தன் நண்பனைச் சுட வேண்டியதாகிறது. லென்னி போனதும் பணக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. கேண்டியின் டாலர்கள் பத்திரமாக இருக்கின்றன, நிலமும் விலைக்கு இருக்கிறது. கேண்டி அதைக் கேட்டும் பார்க்கிறார். ஆனால் ஜார்ஜுக்கு இனி அந்த நிலம் வேண்டாம். அவனும் மற்றவர்களைப் போல மாதக் கூலியை வாங்கி நகரத்தில் செலவழிக்கும் ஒற்றை ஆளாகிவிடுவான். பெரும் பண்ணைகளுக்கு எப்போதும் தேவைப்பட்டது அப்படி ஓர் ஆள்தான்.