ரோகன்: சட்டத்துக்குள் அடங்காத பாவாடைக் கரை

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், நிரோணா என்ற சிற்றூரில், காய்ச்சி இறுக்கிய ஆமணக்கெண்ணெயில் நிறம் குழைத்துத் துணியில் செய்யப்படும் ரோகன் வேலைப்பாடு இன்று ‘ஓவியம்’ என்றே அறியப்படுகிறது. 2014 செப்டம்பரில் இந்தியப் பிரதமர் அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்கு ரோகன் படைப்புகளைப் பரிசளித்தார். 2019இல் நிரோணாவின் அப்துல் கஃபூர் கத்ரி பத்மஸ்ரீ பெற்றார். இவற்றுக்குப் பின் அந்த வகைப்பாடு ஏறக்குறைய ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. அதனால் கலைஞர்களுக்கு மதிப்பும் வருவாயும் கூடின. ஆயினும் ரோகனின் செய்முறையை அது விளக்கவில்லை. அந்தச் செய்முறையின் முக்கியக் கூறுகள் உடுத்தும் துணியின் தேவைகளோடுதான் பொருந்துகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எண்ணெய். விளக்கெண்ணெயைத் துணியில் தடவினால் அது ஊறிப் பரவுமே தவிர உலராது. ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகிப் படலமாவதுபோல் இது ஆவதில்லை. காரணம், இதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்காக இருக்கும் ரிசினோலிக் அமிலத்துக்கு அந்த இயல்பு கிடையாது. கடுஞ்சூட்டில் நெடுநேரம் காய்ச்சும்போது அந்த அமிலம் தன் மூலக்கூற்றிலிருந்து நீரை இழக்கிறது. இரட்டைப் பிணைப்புகள் கூடுகின்றன. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெய் கெட்டிப்படுகிறது. பெயிண்ட், வார்னிஷ் தொழிற்சாலைகள் வினையூக்கியின் துணையோடு செய்துகொள்ளும் மாற்றமும் இத்தகையதே. ரோகன் கைவினைஞர்களிடம் வினையூக்கி இல்லை. நெருப்பும் பதமறிந்த கண்ணும்தான் உண்டு. தீப்பற்றும் அபாயம் காரணமாக ஊருக்கு வெளியே காய்ச்சுவார்கள். பதம் வந்ததும் குளிர்ந்த நீரில் ஊற்ற, பிசின்போன்ற திரள் கிடைக்கும். அதில் தாதுப்பொடிகளைக் குழைத்து நிறமேற்றி, காய்ந்துவிடாதபடி நீரில் மூழ்கவைத்துச் சட்டிகளில் பாதுகாப்பார்கள்.

ரோகன் என்ற பாரசீகச் சொல் எண்ணெயைக் குறிப்பது. சொல் வந்த வழியே கலையும் வந்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெஷாவர்ப் பக்கத்துச் சான்று பயனுள்ளதாகப் படுகிறது. அங்கே அஃப்ரீதி மக்களிடையே வழங்கிய மெழுகுத்துணி வேலைக்குக் குசும்பா இன விதையின் எண்ணெயைக் காய்ச்சினார்கள். எண்ணெய் வேறு, தத்துவம் ஒன்று. இந்தியாவில் ஆமணக்கு மிகுதியாக விளையும் மாநிலமான குஜராத்தில் கைவினைஞர்கள் அந்த விதையை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

அடுத்தது கை. தூரிகை கிடையாது. நிறத்திரளில் சிறிதை இடது உள்ளங்கையில் வைத்து மெல்லிய இரும்புக் கம்பியால் குழைப்பார்கள். உடல்சூட்டில் அது இளகும். கம்பியை உயர்த்தினால், சர்க்கரைப் பாகு கம்பிப்பதத்தில் இழைவதுபோல, அறுபடாத இழை நீளும். கம்பி துணியைத் தொடாது. அந்தரத்தில் தொங்கும் இழையைத்தான் துணிமேல் இறக்குகிறார்கள். முன்வரைவு இல்லை, அழித்தெழுத வழியுமில்லை. நிழல்சாயல் காட்டுவதும் இங்கே இயலாது. கோடும் புள்ளியுமே மொழி. அந்தக் கோடும் துணிப்பரப்பிலிருந்து சற்றே மேடிட்டு நிற்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓவியக் கோடாகத் தெரிவதைவிடப் பூத்தையல் இழையாகவே தெரியும். இது தற்செயல் அன்று. கட்ச்சின் உழவர், கால்நடை வளர்ப்போர் வீட்டு மணப்பெண்களின் பாவாடைகளில் ரோகன் இடம்பெற்றதே பூத்தையலுக்கு மலிவான மாற்றாகத்தான்.

மூன்றாவது மடிப்பு. வடிவத்தின் ஒரு பாதியை மட்டும் இட்டு, ஈரம் காயுமுன் துணியை மடித்து அழுத்தினால் மறுபாதியில் கண்ணாடிப் பிம்பம் பதியும். இந்தச் சமச்சீரை அழகியல் கோட்பாடாகவே பலர் வியக்கிறார்கள். நான் அதைக் கூலிக்கணக்காகவும் பார்க்கிறேன். கெஜக்கணக்கில் நீளும் பாவாடைக் கரையில் இழுக்க வேண்டிய கோடுகளை ஒரே மடிப்பு பாதியாக்குகிறது. மாதக்கணக்கில் உழைத்து முடிக்கும் ஒற்றைப் படத்துக்கு இந்தச் சிக்கனம் முதன்மைத் தேவையன்று. ஆனாலும் மடிப்பு தொடர்கிறது. பழைய பயன்பாட்டின் தடயமாக நான் அதைக் கொள்கிறேன்.

ஆலைத்துணியும் செயற்கை இழையும் மலிந்தபோது அந்த மணப்பெண்கள் கைவிட்டுப் போனார்கள்; தொழிலும் சுருங்கியது. பின்னர் அதை மீட்டவர்கள் சுற்றுலாப் பயணிகளும் சேகரிப்பாளர்களும். அவர்கள் கேட்டது ‘உயிர்மரம்’ போன்ற சுவர்ப்படங்கள். இந்த மாற்றத்தைக் கலப்படம் என்று பழிப்பது அநியாயம். வாங்குவோர் இல்லாத கலைக்கு வாரிசும் இல்லை. ஆண்கள்வழி மட்டுமே காக்கப்பட்டுவந்த வித்தை 2010 வாக்கில் பெண்களுக்கும் கற்பிக்கப்பட்டதைப் புதிய சந்தையின் நற்பயன்களுள் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

ஆனால் தரத்தின் அளவுகோல் இடம்பெயர்ந்துவிட்டது. பாவாடையில் இட்ட ரோகன் துவைப்பதையும் மடிப்பதையும் தாங்க வேண்டும், நடக்கும்போது வெடிக்கக்கூடாது. எண்ணெய் சரியான பதத்தில் காய்ந்ததா என்பதற்கு அதுவே தேர்வு. கண்ணாடிக்குள் சட்டமிட்ட படத்துக்கு அந்தத் தேர்வு வருவதே இல்லை. அங்கே மதிப்பிடப்படுவது கோட்டின் நுணுக்கம் மட்டும். காய்ச்சும் திறனில் குறை நேர்ந்தாலும் அது பல ஆண்டுகளுக்குப் பார்வைக்குத் தெரியாமல் போகலாம்.

எனவே ரோகனை ஆராய்வோர் படங்களோடு நின்றுவிடக்கூடாது. கட்ச் வீடுகளின் பெட்டிகளில் பழைய பாவாடைகள் எஞ்சியிருந்தால், உடையவர்களின் இசைவோடு அவற்றின் கரைகளை அளந்து பதிவு செய்ய வேண்டும். படலத்தின் தடிப்பையும் வெடிப்பையும் வேதியியலாளரின் துணையோடு சோதிக்க வேண்டும். அருங்காட்சியகங்களும் ரோகனை ஓவியப் பிரிவிலிருந்து எடுத்து உடைப் பிரிவில் வைப்பதே முறை.