பெற்றோர் புராசஸும் டீபக்கரும்

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில், முதல் புராசஸைத் தவிர, எந்தப் புராசஸும், அதாவது ஓடும் நிரலும், பெற்றோர் இல்லாமல் பிறப்பதில்லை. ஃபோர்க் அழைப்பின் மூலம் பிள்ளையை உருவாக்கிய புராசஸே, அது நின்றதையும் முடிந்ததையும் வெயிட் அழைப்பின் மூலம் அறிந்துகொள்ளும். யார் பெற்றது, யாருக்குச் செய்தி போக வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் தொடக்கத்தில் ஒரே விடைதான். ஓடும் நிரலை நிறுத்தி ஆராய்ந்து பிழை தேடும் கருவிகளான டீபக்கர்கள் வளர வளர அந்த விடை போதாமல் போனது.

1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் பிட்ரேஸ் என்ற அழைப்பு இருந்தது. என்னைக் கண்காணிக்கலாம் என்று பிள்ளையே முதலில் இசைவு தர வேண்டும். அதன் பிறகு அது சிக்னல் பெறும்போதெல்லாம் நிற்கும்; பெற்றோர் வெயிட் வழியே அதை அறிந்து, அதன் நினைவகத்தை ஒவ்வொரு சொல்லாக, பிடிபி-11 கணினியில் இரண்டு பைட்டாக, படிக்கவோ மாற்றவோ செய்யும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அயல் புராசஸைத் தொட வழியே கிடையாது. டீபக்கர் என்றாலே பெற்றோர்தான் என்பதால் குழப்பத்துக்கும் இடமிருக்கவில்லை.

பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன், 1984இல் வெளியிட்ட கட்டுரையில் புராசஸ்களைக் கோப்புகளாகக் காட்டும் முறையை விவரித்தார். கோப்பைத் திறக்க அனுமதி இருந்தால் போதும், உறவுமுறை தேவையில்லை. இத்துறையில் மிகத் தெளிவான சிந்தனை இதுவே எனலாம். ஆனால் பிட்ரேஸ் மறையவில்லை. அயல் புராசஸுடன் இணையும் வசதி பின்னர் அதிலேயே சேர்க்கப்பட்டபோது, பெற்றவர் ஒருவர், செய்தி பெறுபவர் வேறொருவர் என்ற சிக்கல் முழு உருவம் எடுத்தது.

யூனிக்ஸ் வழிவந்த 4.4 பிஎஸ்டி தேர்ந்த வழி தத்தெடுப்பு. இணைந்த டீபக்கரை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் பெற்றோராகவே அமர்த்தியது. பழைய பெற்றோரின் எண்ணை மட்டும் தனியே குறித்துவைத்தது. டீபக்கர் விலகும்போது அந்த எண்ணுக்குரியவரைத் தேடும். அவர் அதற்குள் முடிந்துபோயிருந்தால் பிள்ளை இனிட் என்ற மூதாதைப் புராசஸிடம் சேரும்.

லினக்ஸில் பிட்ரேஸை எழுதியவர் ராஸ் பைரோ. மூலநிரலில் அவர் பெயருடன் 1992 ஜனவரி 23 என்ற தேதியும் இருக்கிறது. லினக்ஸ் ஒவ்வொரு புராசஸுக்கும் இரண்டு சுட்டிகளை வைத்தது. ஒன்று உண்மையான பெற்றோரைக் காட்டும். மற்றொன்று செய்தி பெற வேண்டியவரைக் காட்டும். டீபக்கர் இணைந்தால் மாறுவது இந்த இரண்டாவது சுட்டி மட்டுமே. அதனால் பெற்றோரின் எண்ணைக் கேட்கும் அழைப்பு, கண்காணிப்பின்போதும் உண்மையான பெற்றோரையே சொல்லும். புராசஸ்களின் விவரங்களைக் காட்டும் புராக் கோப்பகத்தின் ஸ்டேட்டஸ் கோப்பிலும் பெற்றோர் எண்ணும் கண்காணிப்பவர் எண்ணும் தனித்தனி வரிகளில் இருக்கும்; இரண்டாவது சுழியமாக இருந்தால் டீபக்கர் இல்லை. தீநிரல்கள் தம்மை யாரேனும் ஆராய்கிறார்களா என்று பார்ப்பதும் இந்த வரியைத்தான்.

சுட்டிகள் பிரிந்தாலும் இறப்புச் செய்திக்கு வரிசை வேண்டியிருந்தது. கண்காணிப்பில் உள்ள புராசஸ் முடிந்தால் முதலில் டீபக்கருக்குத் தெரியும். அது பெற்றுக்கொண்டோ விலகியோ வழிவிட்ட பின்னரே பெற்றோருக்குத் தெரியும். இந்த இடைவெளியில் பிள்ளை, முடிந்தும் நீங்காத ஸோம்பியாகக் கிடக்கும். பெற்றோரின் பிள்ளைகள் பட்டியலையும் டீபக்கரின் பட்டியலையும் கர்னலில் ஒழுங்காகப் பிரித்தமைத்தவர் ராலண்ட் மெக்ராத், ஆண்டு 2008.

விண்டோஸில் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே பெற்றோர் என்பது பிறக்கும்போது குறித்துவைக்கும் எண் மட்டுமே; டீபக் செய்திகள் தனி வாயில் வழியே செல்லும். ஆனால் பெற்றோர் முடிந்த பின் அதே எண் வேறொரு புராசஸுக்குக் கிடைக்கலாம் என்பதால், அந்தக் குறிப்பை அப்படியே நம்ப முடியாது.

லினக்ஸிலோ, ஒரே பயனரின் எந்தப் புராசஸுடனும் இணையலாம் என்ற சுதந்திரம் பாதுகாப்புக்கு ஊறாயிற்று. ஒரு பயனரின் ஒரு நிரல் தாக்கப்பட்டாலே, அவருடைய மற்ற நிரல்களின் நினைவகத்திலுள்ள கடவுச்சொற்களைப் படித்துவிட முடிந்தது. 2010இல் லினக்ஸ் வழங்கலான உபுண்டு 10.10 இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 2012இல் லினக்ஸ் 3.4 கர்னலில் யாமா என்ற பெயரில் அது சேர்ந்தது. அதன் முதல் நிலையில், சிறப்பு உரிமை இல்லாத டீபக்கர் தன் வழித்தோன்றல்களுடன் மட்டுமே இணையலாம். அயலாரை அனுமதிக்க விரும்பும் புராசஸ் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரண்டாம் நிலை நிர்வாகிக்கு மட்டும் இடம் தரும். மூன்றாம் நிலை யாரையும் இணைய விடாது. கணினியை மறுபடி தொடங்கும்வரை அதைத் தளர்த்தவும் முடியாது.