நோய்க்கு இட்ட பெயர்: மைசூர் மைன்ஸ் முதல் மாணவர் விசா வரை

கோலார் தங்க வயலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தங்கத்தின் எடையிலிருந்தும் சுரங்கத்தின் ஆழத்திலிருந்தும் தொடங்குவர். 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம், சாம்பியன் ரீப்பில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் ஆகியவை பாடநூல்களிலும் உண்டு. அந்தத் தங்கத்தை வெட்டியவர்களின் நுரையீரலுக்கும் ஒரு வரலாறு உண்டு. நோயுற்ற உழைப்பாளியின் மருத்துவச் செலவு யாருடைய பொறுப்பு, எந்த நாள் வரை, எந்த நோய்க்கு என்ற கேள்விகள் அதில் அடங்கும். இன்று கல்விக்காகக் கடல் கடக்கும் மாணவர் விசாவுடன் சேர்த்து வாங்கும் மருத்துவக் காப்பீட்டின் பின்னாலும் இதே கேள்விகள்தாம் நிற்கின்றன.

மாரிக்குப்பத்தை ஒட்டிய மைசூர் மைன்ஸ், மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி என்ற பெயரில் 1880இல் லண்டனில் நிறுவப்பட்ட நிறுவனத்துக்கு உரியது. நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கையில் இருந்தது. இந்தக் குடும்பம் இந்தியாவுக்கு வருமுன்பே இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தாமிர, தகரச் சுரங்கங்களை நடத்திப் பெயர் பெற்றது. கோலாரின் மேற்பார்வையாளர்களில் பலர் கார்ன்வால்காரர்கள். மைசூர் மைன்ஸில் வளமான தங்கப் படிவத்தைக் கண்டவராகச் சொல்லப்படும் பிளம்மர் ‘கேப்டன்’ என்று அழைக்கப்பட்டதும் அந்த வழக்கத்தினால்தான். அவர் படைத்தலைவர் அல்லர். கார்ன்வாலில் சுரங்க மேலாளரைக் கேப்டன் என்பது மரபு. அந்தச் சொல்லோடு கார்ன்வாலின் சுரங்க அனுபவம் முழுவதும் கோலாருக்கு வந்தது. அங்கே சுரங்கத் தொழிலாளியின் கூலியிலிருந்து மாதந்தோறும் சிறு தொகை மருத்துவருக்கெனப் பிடிக்கப்படும். மருத்துவம் கூலியோடு கட்டப்பட்ட ஒன்று என்பது அந்த நிர்வாகத்துக்குப் பழகிய கருத்து.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். சொந்த ஊரில் நிலமற்றவர்கள். மைசூர் சமஸ்தானத்துக்கு அவர்கள் வெளியூர்க்காரர்கள், கம்பெனிக்குக் கூலிகள். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை இரயில் வந்தபின் இந்த வரவு பெருகியது. குடியிருப்பு ‘லைன்’ எனப்பட்டது. இலங்கைத் தோட்டங்களிலும் மலாயாவிலும் தமிழ்க் கூலிகளின் குடியிருப்புக்கு வழங்கிய அதே சொல்தான் இது. வேலை இருக்கும்வரை லைன் வீடு, லைன் வீடு இருக்கும்வரை கம்பெனி ஆஸ்பத்திரி என்பதே ஒழுங்கு.

அந்த ஆஸ்பத்திரியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. சாம்பியன் ரீப்பில் கம்பெனி அமைத்த மருத்துவமனை அக்காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத வசதிகளோடு வளர்ந்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுத்திகரித்த நீர் குழாய்வழி வந்தது. பாறை வெடிப்பில் எலும்பு முறிந்தவர்கள், பிரசவத்துக்கு வந்த பெண்கள், காய்ச்சல் கண்ட குழந்தைகள் எனப் பலரும் அங்கே கட்டணமின்றிப் பார்க்கப்பட்டனர். தமிழகக் கிராமத்துக் கூலிக் குடும்பம் ஒன்றுக்கு அன்று எட்டாத மருத்துவம் அது. மூத்தோர் பலர் இன்றும் அந்த மருத்துவமனையை நன்றியோடு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு.

ஆயினும் விபத்துக்கும் நோய்க்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. பாறை வெடித்து ஒருவர் இறந்தால் அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, சாட்சி உண்டு. தூசி அப்படியன்று. இயந்திரத் துளைப்பான் குவார்ட்ஸ் பாறையில் இறங்கும்போது எழும் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலில் படிகிறது. தழும்பு மெல்ல மெல்லத் திரள்கிறது. மூச்சுத் திணறல் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டிருக்கலாம், ஊர் திரும்பியிருக்கலாம். சிலிகோசிஸ் கண்ட நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். எனவே இறப்புக்குக் காரணமாக எழுதப்படும் பெயர் பெரும்பாலும் காசநோயாகவே அமையக்கூடும்.

இந்தப் பெயர்தான் பணத்தைத் தீர்மானித்தது. காசநோய் என்றால் அது ஏழ்மையின் நோய், ஊரின் நோய், கிருமியின் நோய். அதற்கு முதலாளி பொறுப்பல்லர். சிலிகோசிஸ் என்றால் அது தொழிலின் நோய், இழப்பீட்டுக்கு உரியது. நோயாளி ஒருவர், இருமல் ஒன்று. மருத்துவர் எழுதும் சொல்லைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் கணக்கு மாறும்.

தூசி பற்றிய அறிவு உலகில் இல்லாமல் இல்லை. 1904இல் ஜே. எஸ். ஹால்டேன் குழுவினர் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரின் உடல்நலம் குறித்து அளித்த அறிக்கை, டிரான்ஸ்வாலில் துளைப்பான் இயக்கித் திரும்பியவர்கள் இளவயதிலேயே இறப்பதைப் பாறைத் தூசியோடு தொடர்புபடுத்தியது. தென்னாப்பிரிக்கா 1911, 1912ஆம் ஆண்டுகளில் சுரங்கத் தொழிலாளர் நுரையீரல் நோய்க்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றியது. 1930இல் ஜோகன்னஸ்பர்க்கில் அனைத்துலக சிலிகோசிஸ் மாநாடு கூடியது. 1934இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் உடன்படிக்கையில் சிலிகோசிசை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களோடு சேர்த்தது. கார்ன்வாலிலிருந்து கேப்டன்களை அழைத்துவந்த நிர்வாகத்துக்குக் கார்ன்வாலின் மரணப் பதிவேடு எட்டாத தொலைவில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

கோலாரில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1933இல் புவியியலாளர் டபிள்யூ. ஆர். ஜோன்ஸ், சிலிகோசிசுக்குக் காரணம் குவார்ட்ஸ் அன்று, செரிசைட் என்னும் நார்த்தன்மையுள்ள கனிமமே என்று வாதிட்டார். குவார்ட்ஸ் மிகுந்தும் நோய் தென்படாத வயல் என்று அந்த வாதத்துக்குத் துணையாகக் கோலார் காட்டப்பட்டது. ஆக, உலக மருத்துவ இலக்கியத்தில் கோலார் தங்க வயல் முதலில் நோயற்ற இடமாகவே இடம்பெற்றது. நோய் தென்படவில்லை என்பதற்கும் நோய் தேடப்படவில்லை என்பதற்கும் உள்ள தொலைவை அந்த விவாதம் கணக்கில் கொள்ளவில்லை. மூச்சுத் திணறியவர் சுரங்கத்தை விட்டுப் போய்விடுவார். எஞ்சி உழைப்பவரைப் பார்த்தால் வயல் ஆரோக்கியமாகவே தோன்றும்.

1940 முதல் 1946 வரை முறையாக மார்பு ஊடுகதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தபோது காட்சி மாறியது. கேப்லன், பர்டன் ஆகியோரின் பெயரில் 1947இல் வெளிவந்த ஆய்வு, 7,600க்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்து, சுமார் 44 விழுக்காட்டினரிடம் சிலிகோசிஸ் இருப்பதைக் காட்டியது. இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலாகப் பதிவானது கோலாரில் என்று மருத்துவ மாணவர் இன்றும் பாடநூலில் படிக்கும் செய்தியின் பின்னணி இதுவே. மைசூர் சமஸ்தானமும் 1940களில் சிலிகோசிசை இழப்பீட்டுக்குரிய நோயாக ஏற்றது. பத்தாண்டு இடைவெளியில் நோயற்ற வயல் என்ற நிலையிலிருந்து, ஐவரில் இருவருக்கு மேல் நோயுற்ற வயல் என்ற நிலைக்குக் கோலார் வந்தது. இடையில் பாறை மாறவில்லை. பார்க்கும் முறை மாறியது.

அதே காலத்தில் இந்தியாவில் தொழிலாளர் காப்பீட்டுக்கான திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. பேராசிரியர் பி. பி. அடார்க்கரின் 1944ஆம் ஆண்டு அறிக்கையை அடியாகக் கொண்டு 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி, தொழிலாளி இருவரின் பங்களிப்பையும் பொது நிதியில் சேர்த்து, அந்த நிதியிலிருந்து மருத்துவம் வழங்குவது அதன் அடிப்படை. ஆனால் ‘தொழிற்சாலை’ என்ற சொல்லுக்கு அச்சட்டம் தந்த விளக்கம், சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கங்களை விலக்கியது. ஆதலால் மில் தொழிலாளிக்குக் கிடைத்த பொதுக்காப்பு சுரங்கத் தொழிலாளிக்கு வரவில்லை. அவருக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியே காப்பு.

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவானது. உடைமை மாறியும் ஏற்பாட்டின் அடித்தளம் மாறவில்லை. மருத்துவமனை சுரங்க நிறுவனத்தினுடையது, சுரங்கம் ஓடும்வரை அதுவும் ஓடும். சுரங்க விதிகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய மருத்துவச் சோதனையும் பணியில் இருப்போரையே முதன்மையாகக் கருதியது. இருபது ஆண்டு கழித்து வெளிப்படும் நோய்க்கு இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போனது. மருத்துவமனையும் போனது. நுரையீரலில் படிந்த தூசி அப்படியே இருந்தது.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். வேல்ஸ் நாட்டின் டிரெடிகர் என்னும் நிலக்கரி ஊரில் 1890 முதல் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து பென்ஸ் கணக்கில் சேர்த்து ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். சுரங்கத் தொழிலாளராக இருந்து அந்தச் சங்கத்தின் மருத்துவமனைக் குழுவில் பணியாற்றிய அனூரின் பெவன், பின்னாளில் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதாரப் பணி டிரெடிகரின் பாடத்தை நாடு முழுவதற்கும் விரித்தது. வேல்ஸ் தொழிலாளியின் சங்கம் அவருடைய உடைமை, எனவே அது அரசியல் கோரிக்கையாக வளர முடிந்தது. கோலார் தொழிலாளியின் ஆஸ்பத்திரி கம்பெனியின் கொடை. அது பெருந்தன்மையோடு தரப்பட்டிருந்தாலும், தருபவர் போனபின் அதைக் கேட்டுப் பெறும் உரிமை எஞ்சவில்லை.

இன்று கோலார் தங்க வயலின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் போகின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் செல்கின்றனர். ஆஸ்திரேலியா செல்லும் மாணவர் விசாக் காலம் முழுவதற்கும் வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடு வாங்கியாக வேண்டும். பிரிட்டன் செல்பவர் 2015 முதல் குடியேற்ற சுகாதாரக் கட்டணம் செலுத்துகிறார். தொடக்கத்தில் மாணவர்க்கு ஆண்டுக்கு 150 பவுண்டாக இருந்த அது, 2024 பிப்ரவரி முதல் 776 பவுண்டு. அங்கேயும் மருத்துவம் தகுதிநிலையோடு கட்டப்பட்டுள்ளது. விசா முடியும் நாளில் காப்பும் முடிகிறது. சுரங்கத் தொழிலாளர் பென்ஸ் சேர்த்துக் காட்டிய வழியில் எழுந்த அமைப்பைப் பயன்படுத்த, பிரிட்டிஷ் கம்பெனிக்காகச் சுரங்கம் வெட்டியவரின் பேரன் நுழைவுக்கு முன்பே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. மாணவரின் நிலையும் கூலியின் நிலையும் ஒன்றென்பது இதன் பொருளன்று. மாணவர் தம் காப்பின் விதிகளைக் கையொப்பமிடுமுன் படிக்கலாம், கோலாருக்கு வந்தவருக்கு அந்த வாய்ப்பில்லை. இருவரும் எதிர்கொள்ளும் கேள்வி மட்டும் ஒன்று: தகுதி முடிந்தபின் வெளிப்படும் நோய் யாருடையது?

தாயகத்தில் இதற்கு இன்று கிடைக்கும் விடை அரைகுறையானது. 2018இல் ஆரோக்கிய கர்நாடகா திட்டம் தொடங்கி, ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டது. தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. வேலையைச் சாராத உரிமை என்ற அளவில் இது கம்பெனி ஆஸ்பத்திரியைவிட ஒரு படி மேல். ஆனால் இத்தகைய திட்டங்கள் முதன்மையாக மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானவை. சிலிகோசிசுக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அந்த நோயாளிக்கு வேண்டியவை வீட்டில் ஆக்சிஜன், தொடர் மருந்து, காசநோய்க் கண்காணிப்பு, மாத வருமானம். இவை அறுவை சிகிச்சைப் பட்டியலில் அடங்காதவை. 2019இல் ராஜஸ்தான் நுரையீரல் தூசி நோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்து, சான்று பெற்றவர்க்கு நிதியுதவியும் ஓய்வூதியமும் வழங்கத் தொடங்கியது. அங்கே நோயாளி தம் பழைய முதலாளியைத் தேடிப்பிடிக்க வேண்டியதில்லை, நோயின் பெயர் உறுதியானால் போதும். இந்தியாவில் அந்தப் பெயர் முதலில் பதிவான கோலாருக்கு இந்த முன்னுதாரணம் மிகவும் பொருந்தும்.

காலமும் குறைவு. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, இருபது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தன்னார்வலர்கள் துப்புரவு செய்து நோயாளிகளுக்காகத் திறந்தனர். 2024 ஜூனில் 13 சயனைடு மேடுகளிலுள்ள சுமார் 330 இலட்சம் டன் கழிவிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்த மேடுகள் அரைக்கப்பட்ட பாறைத் தூசியால் ஆனவை. அவற்றைக் கிளறும் பணிக்கு ஆள் சேர்க்குமுன், ஒவ்வொருவருக்கும் மார்புப் படம் எடுத்துப் பாதுகாப்பதும், பணி முடிந்து முப்பது ஆண்டுகள் வரை சோதனைக்கும் இழப்பீட்டுக்கும் உரிய நிதியை முன்கூட்டியே ஒதுக்குவதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். சுரங்கத்தில் கடைசியாக இறங்கியவர்கள் இன்னும் மாரிக்குப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வாழ்கின்றனர். அவர்களின் இருமலுக்குச் சரியான பெயரை எழுதுவது மருத்துவரின் கடமை. அந்தப் பெயர் எப்படி இத்தனை காலம் எழுதப்படாமல் போனது என்று ஆராய்வது வரலாற்று மாணவரின் கடமை.