செப்படி வித்தையின் கதை

 

நமது பள்ளியின் பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் அவர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். மன்னர்களைப் பற்றி எழுதலாம். போர்களைப் பற்றி எழுதலாம். அவையெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அது கையின் வரலாறு. கையை வைத்துக் கண்ணை ஏமாற்றும் வித்தையின் வரலாறு. 'இது விளையாட்டுச் சங்கதியாயிற்றே, பள்ளிக்கூட மலரில் இதற்கு என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லி விடுகிறேன்.

நான் நான்காம் வகுப்புப் படித்த காலம். நாங்கள் இருந்த தோட்டத்துக்கு ஒருநாள் மாலை ஒரு மனிதர் வந்தார். காவி வேட்டி, கழுத்து நிறைய உருத்திராட்சம். லயத்து வாசலில் நின்று வெறும் கையை விரித்துக் காட்டினார். பிறகு விரல்களைத் தேய்த்தார். விபூதி கொட்டியது! பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள். என் அம்மாவும் போட்டுக் கொண்டார். "வீட்டில் இருக்கிற தங்கத்தைச் செம்பில் போட்டு, மஞ்சள் துணியில் கட்டி, சாமி படத்தின் கீழே மூன்று நாள் வையுங்கள், இரட்டிப்பாகும்" என்றார் அவர். அம்மா தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கொண்டு வந்து கொடுத்தார். அவரே மந்திரம் சொல்லிக் கட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்தால் செம்பில் கூழாங்கல். சங்கிலியும் இல்லை, சாமியாரும் இல்லை.

விடியற்காலையில் எழுந்து பிரட்டுக்குப் போய், மழையிலும் பனியிலும் பால் வெட்டிச் சேர்த்த சங்கிலி அது. அப்பா ஒரு வார்த்தை ஏசவில்லை. அம்மாதான் பல மாதம் வரை, "என் கண்ணாலதானே பார்த்தேன், வெறுங்கையிலதானே வந்துச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுவார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. விடுதியில் உடன் தங்கியிருந்த நண்பர் ஒருவர் ஓய்வு நேரத்தில் காசை மறைத்து விளையாட்டுக் காட்டுவார். அவரிடம் விபூதிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து சிறு உருண்டையாக்கிக் காய வைத்து, கட்டைவிரலின் இடுக்கில் ஒளித்து வைத்தால் போதும், மற்ற விரல்களை விரித்துக் காட்டினாலும் தெரியாது. பிறகு நசுக்கினால் விபூதி கொட்டும் என்று செய்தே காட்டினார். இரண்டு பவுன் போனது இந்தச் சுண்டைக்காய் அளவு உருண்டைக்காகவா என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்று முதல் இந்த வித்தையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

செப்பும் பந்தும்

இந்த வித்தைக்குத் தமிழில் 'செப்படி வித்தை' என்று பெயர். 'செப்பு' என்றால் சிறு கிண்ணம், சிமிழ். கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, கீழே இருக்கும் உருண்டையை மறையச் செய்வதும், இல்லாத இடத்தில் வரவழைப்பதும்தான் உலகத்தின் மிகப் பழைய கைவித்தைகளில் ஒன்று. கேரளத்தில் இதைச் 'செப்பும் பந்தும்' என்றே சொல்லுவார்கள். 1983-ல் மறைந்த வாழக்குன்னம் நம்பூதிரி அவர்கள் இதில் பெரும் புகழ் பெற்றவர். நமது நாட்டு வித்தைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்வார். மேல்நாட்டு வித்தைக்காரர் மேசைக்குப் பின்னால் நின்று செய்வார். வித்தை ஒன்றுதான்.

அதன் சூட்சுமம் என்ன? பார்ப்பவர்கள் மூன்று பந்து என்று எண்ணிக் கொண்டிருப்பார்கள். வித்தைக்காரரிடம் யாரும் அறியாத நாலாவது பந்து ஒன்று இருக்கும். 'இப்போதுதான் பந்தை வைக்கிறான்' என்று நாம் நினைக்கும் வேளையில் அவர் எப்போதோ வைத்து முடித்திருப்பார். நமக்கு ஓர் அடி முன்னால் அவர் நடக்கிறார், அவ்வளவுதான்.

உரோமாபுரியில் செனெக்கா என்ற தத்துவ ஞானி இருந்தார். கி.பி. 65-ல் இறந்தவர். தம் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இந்தக் கிண்ண வித்தையைக் குறிப்பிடுகிறார். ஏமாறுவதிலேதான் அதன் இன்பம், செய்யும் விதம் தெரிந்து விட்டால் சுவை போய்விடும் என்பது அவர் கருத்து. அப்படியானால் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கடைத்தெருவில் நின்று மக்கள் இதை வாய் பிளந்து பார்த்திருக்கிறார்கள்!

படம் சொல்லும் பாடம்

ஏறக்குறைய 1500-ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஹிரோனிமஸ் பாஷ் என்ற நெதர்லாந்து ஓவியரின் பெயரால் ஒரு படம் வழங்குகிறது. மேசையின் ஒரு பக்கம் வித்தைக்காரன். மேசை மேல் கிண்ணங்களும் பந்துகளும். எதிரே ஒருவர் குனிந்து கண் கொட்டாமல் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவன், ஒன்றும் அறியாதவன் போல வானத்தைப் பார்த்தபடி, அவருடைய பணப்பையை இடுப்பிலிருந்து உருவுகிறான்!

பெற்றோர்களே, அந்தப் படத்தைப் பற்றிப் படித்தபோது என் அம்மாவை நினைத்துக் கொண்டேன். விபூதி கொட்டிய கையை அம்மா பார்த்தார். செம்பைக் கட்டிய கையைப் பார்க்கவில்லை. பாரிஸ் பக்கத்தில் செயின்ட் ஜெர்மேன் ஆன் லே என்ற ஊருக்குச் சொந்தமான அந்தப் படத்தையே 1978-ல் யாரோ திருடிக் கொண்டு போய்விட்டார்கள். மறு ஆண்டு திரும்பக் கிடைத்தது. திருட்டைக் காட்டிய படமே திருட்டுப் போனது வேடிக்கைதான்.

உயிர் காக்க எழுந்த புத்தகம்

இனி ஒரு கசப்பான காலம். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி மக்களைக் கொன்ற காலம். இங்கிலாந்தில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். பெரும்பாலும் அகப்பட்டவர்கள் யார்? ஏழைப் பெண்கள், கிழவிகள். பக்கத்து வீட்டு மாடு செத்தால்கூட, 'இவள் கண் பட்டது' என்பார்கள்.

கென்ட் என்ற மாவட்டத்தைச் சேர்ந்த ரெஜினால்டு ஸ்காட் என்பவர் இதைப் பொறுக்க மாட்டாமல் 1584-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதி வெளியிட்டார். சூனியம் என்று சொல்லப்படுவது எதுவும் உண்மையல்ல என்று வாதாடினார். வாதாடியதோடு நிற்கவில்லை. இலண்டனில் இருந்த பிரெஞ்சுக்கார வித்தைக்காரர் ஒருவரிடம் விவரம் கேட்டறிந்து, பந்து, காசு, சீட்டு இவற்றை மறைப்பது எப்படி, கையில் கத்தி ஏறியது போலக் காட்டுவது எப்படி என்று படத்தோடு விளக்கினார். 'பார், இதைச் சாதாரண மனிதனே செய்யலாம். பேய் வேண்டாம், பிசாசு வேண்டாம்' என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆங்கில மொழியில் கைவித்தையை விளக்கிய ஆரம்ப காலப் புத்தகங்களில் அது ஒன்று. சிரிக்க வைப்பதற்காக அல்ல, உயிரைக் காப்பதற்காக அது எழுந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். பிறகு இங்கிலாந்தின் அரசரான ஜேம்ஸ், 1597-ல் ஸ்காட்டின் கருத்தை மறுத்துத் தாமே ஒரு நூல் எழுதினார். அரசரே மறுத்தாலும் உண்மை சாகவில்லை. 1735-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இங்கிலாந்தில் சூனியத்துக்காகத் தூக்கிலிடும் கொடுமை சட்டப்படியே ஒழிந்தது.

ராமசாமியின் கை

1810-களில் இந்திய வித்தைக்காரர்கள் சிலர் கப்பலேறி இலண்டனுக்குப் போனார்கள். அவர்களில் பேர் பெற்றவர் ஒருவரை வெள்ளைக்காரர்கள் 'ராமோ சாமி' என்று அழைத்தார்கள். நம் ராமசாமி என்ற பெயர்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று. கிண்ணமும் பந்தும் ஆடுவார், பித்தளைப் பந்துகளை வீசிப் பிடிப்பார், வாளை விழுங்குவார். அக்காலத்து ஆங்கில எழுத்தாளர் ஹாஸ்லிட் இலண்டனில் இந்திய வித்தைக்காரர் ஒருவர் நான்கு பந்துகளை வீசிப் பிடித்ததைப் பார்த்து, இந்த அளவு பிழையில்லாமல் தம்மால் எழுத்துத் தொழிலில் எதையும் செய்ய முடியவில்லையே என்று கூசியிருக்கிறார். அந்தக் கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது.

ஆனால் ராமசாமியின் முடிவு என்ன தெரியுமா? 1850-ல் இலண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கம் செய்யவும் காசில்லாமல் அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. கடல் கடந்து போய்க் கையை நம்பிப் பிழைத்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார்களும் கையை நம்பித்தான் கப்பலேறினார்கள்.

காந்தம் செய்த மாயம்

வித்தையை ஆட்சிக்காகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பிரான்சு நாட்டில் ராபர் ஊடேன் என்ற கடிகாரத் தொழிலாளி இருந்தார் (1805–1871). புதுக்கால மேடை வித்தையின் தந்தை என்று போற்றப்படுபவர். 1830 முதல் அல்ஜீரியாவைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு அரசாங்கம், 1856-ல் அவரை அங்கே அனுப்பி வைத்தது. அங்கிருந்த சமயப் பெரியவர்கள் அற்புதங்கள் காட்டி மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தார்கள். அவர்களைவிடப் பிரெஞ்சுக்காரனுக்கு மந்திர சக்தி அதிகம் என்று காட்ட வேண்டுமாம்!

அவர் மேடையில் ஒரு சிறு பெட்டியை வைத்தார். பலசாலி ஒருவர் வந்து சுலபமாகத் தூக்கினார். 'இப்போது உன் பலத்தை எடுத்து விட்டேன்' என்றார் ஊடேன். அதே மனிதர் முக்கி முனகியும் பெட்டி அசையவில்லை. பெட்டியின் அடியில் இரும்புத் தகடு. மேடைக்குக் கீழே மின்காந்தம். மின்சாரம் பாய்ந்தால் பெட்டி ஒட்டிக் கொள்ளும். பாவம், கடைசியில் கைப்பிடி வழியே மின்சார அதிர்ச்சியும் கொடுத்தார்கள்.

மாணவர்களே! அறிவியல் பாடத்தில் ஆணியில் செப்புக் கம்பி சுற்றி, பேட்டரி இணைத்து, குண்டூசி எடுத்தோமே, அதே காந்தம்தான். அன்று அந்த மக்களில் ஒரு பையனுக்கு அந்தப் பாடம் தெரிந்திருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? "மேடைப் பலகையைத் தூக்குங்க, கீழே பார்ப்போம்" என்றிருப்பான். படிக்காதவனைப் பயமுறுத்த ஒரு சிறு பெட்டி போதும்.

ஓர் ஆசிரியரின் சவால்

நாங்கள் ஆசிரியர்கள் பெருமைப்படத்தக்க ஒருவரையும் சொல்ல வேண்டும். டாக்டர் ஆபிரகாம் கோவூர் (1898–1978) கேரளத்தில் பிறந்து, இலங்கைக்குச் சென்று, யாழ்ப்பாணத்திலும் பிற ஊர்களிலும் தாவரவியல் கற்பித்தவர். பணி ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகச் சென்று போலி அற்புதங்களை ஆராய்ந்தார். ஏமாற்று வழியில்லாத சோதனையில் தெய்வீக சக்தியைக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963-ல் அறிவித்தார். அவர் இறக்கும் வரை ஒருவரும் அந்தப் பரிசை வாங்கவில்லை. நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன்தான். தினமும் விபூதி பூசுகிறவன்தான். ஆனாலும் சாமிக்கும் சங்கிலிக்கும் முடிச்சுப் போடுகிறவனைக் கண்டால், கோவூரைப் போலக் கேள்வி கேட்பேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

நமது தோட்டத்துப் பால்தான் ரப்பர் வளையமாகிறது. அதை வைத்தே ஒரு வித்தை. வளையத்தை இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடிவரை மாட்டுங்கள். உள்ளங்கை உங்களைப் பார்த்து இருக்கட்டும். வலது கையால் வளையத்தை உங்கள் பக்கம் இழுத்து, நான்கு விரல் நுனிகளையும் அதற்குள் மடக்கி விட்டு விடுங்கள். புறங்கையில் பார்த்தால் வளையம் இரண்டு விரலில்தான் தெரியும். சட்டென்று விரல்களை விரியுங்கள். வளையம் மற்ற இரண்டு விரலுக்குத் தாவிவிடும்! பழைய பால் மங்கு மூன்றும் ரப்பர் கொட்டை நாலும் இருந்தால் செப்பும் பந்தும்கூடப் பழகலாம். நாள்தோறும் கால் மணி நேரம் போதும். மங்கை நன்றாகக் கழுவி எடுங்கள். காட்டில் தொங்கும் மங்கில் கை வைத்தால் மண்டோர் சும்மா விட மாட்டார், ஜாக்கிரதை!

என் வகுப்பில் இதைக் கற்றுக் கொடுக்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு சத்தியம் வாங்குவேன். 'இது கைத்திறன், மந்திரம் அல்ல' என்று முதலிலேயே சொல்லி விட வேண்டும். இதைக் காட்டி யாரிடமும் ஐந்து காசுகூட வாங்கக் கூடாது. நல்ல வித்தைக்காரனுக்கும் மோசக்காரனுக்கும் கைத்திறனில் வித்தியாசம் கிடையாது. ஒருவன் 'நான் ஏமாற்றுகிறேன், பார்' என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறான். மற்றவன் சொல்லாமல் ஏமாற்றுகிறான். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

செனெக்கா பெரிய ஞானி. ஆனாலும் அவர் சொன்னதை என்னால் ஒப்புக் கொள்ள முடியவில்லை. செய்யும் விதம் தெரிந்த பிறகுதான் அந்தக் கையின் உழைப்பு எவ்வளவு என்று புரிகிறது, மதிப்புக் கூடுகிறது. சென்ற விடுமுறையில் என் மகள் தன் பாட்டிக்கு ரப்பர் வளைய வித்தையைச் செய்து காட்டினாள். அம்மா அசந்து போனார். "இன்னொரு தரம் செய்" என்றார். பிறகு, "கையைத் திருப்பு, அந்தப் பக்கம் காட்டு" என்றார். மூன்றாம் தரத்தில் பிடித்து விட்டார்! அறுபது வயதைத் தாண்டிய என் அம்மா அன்று சிரித்த சிரிப்பை இரண்டு பவுன் சங்கிலி போட்டிருந்தபோதுகூட நான் பார்த்ததில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை எதையாவது பார்த்து, "அது எப்படி? அந்தப் பக்கம் காட்டுங்கள்" என்று கேட்டால், "சும்மா இருடா" என்று அதட்டாதீர்கள். கேட்கட்டும்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!