யார் படத்தைப் பார்த்து யார் சிரிப்பது?

சிரிப்பு ஒண்ணும் அப்பாவியான சமாச்சாரம் இல்லை. யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் போதும், அதற்குள் பதுங்கியிருக்கிற அதிகாரம் வெளியே வந்துவிடும். ஊர்த்தெரு வழியாக நடந்துபோகும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கிற சிரிப்பு ஒன்று. சேரியில் ராத்திரி கூடி உட்கார்ந்து ஆண்டையின் நடையை ஒருவர் நடித்துக் காட்டும்போது எழுகிற சிரிப்பு இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவில் வளர்ந்த ஒரு வேடிக்கைக் கலையின் வரலாற்றைப் பார்க்கலாம். பழைய, மட்டமான சினிமாப் படங்களை ஓடவிட்டு, நகைச்சுவைக் கலைஞர்கள் கூடவே உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி கிண்டலடிக்கிற கலை அது.

1988 நவம்பர் 24 அன்று மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில், கே.டி.எம்.ஏ. என்கிற சின்ன உள்ளூர்த் தொலைக்காட்சியில் 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' என்ற நிகழ்ச்சி ஆரம்பித்தது. உருவாக்கியவர் ஜோயல் ஹாட்ஜ்சன். ஏதோ ஒரு பழைய படம் ஓடும். திரையின் அடிப்பக்கத்தில் கொட்டகை இருக்கைகள் நிழலாகத் தெரியும். அதில் ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபோக்களும் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் வருகிற ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் வசனம் பேசுவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அடுத்த ஆண்டே கேபிள் வழியாக நாடு முழுக்கப் போனது. 1999 வரை ஓடியது. 2006இல் அந்தக் குழுவிலிருந்த சிலர் 'ரிஃப்ட்ராக்ஸ்' என்ற பெயரில் கிண்டலை மட்டும் ஒலிப்பதிவாக விற்க ஆரம்பித்தார்கள். 2015இல் ரசிகர்களே 57 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்துக் கொடுத்து, 2017இல் நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் மறுபடியும் வந்தது.

இந்த நிகழ்ச்சிக்குச் சொல்லப்பட்ட கதைதான் முக்கியம். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் கூட்டிப் பெருக்குகிற தொழிலாளி ஒருவன். அவனை மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. விண்கலத்தில் ஏற்றி வானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். மட்டமான படங்களைத் தொடர்ந்து பார்க்க வைத்தால் ஒரு மனிதனின் மூளை என்ன ஆகும் என்று அவனை வைத்துச் சோதனை செய்கிறார்கள். அவன் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்காகத் திரையைப் பார்த்துத் திருப்பிப் பேசுகிறான். துப்புரவுத் தொழிலாளி, மேலதிகாரி, தண்டனை, கேலியே தற்காப்பு. இதை எழுதியவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, எதிர்த்துப் பேச வழியில்லாதவன் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறான் என்பதன் சூத்திரம் இதற்குள் வந்துவிட்டது. ஆனால் துப்புரவுத் தொழிலாளி என்றதும் நமக்கு ஒரு சாதி ஞாபகம் வருகிறது. இந்தக் கற்பனையிலோ அவன் ஒரு வேடிக்கையான வெள்ளைக்காரப் பையன். 1999 வரை அந்த நிகழ்ச்சியின் முக்கிய முகங்களும் குரல்களும் எல்லாம் வெள்ளையர்களுடையவைதான். பேரன் வான் என்கிற கருப்பினக் கலைஞர் ஒரு ரோபோவுக்குக் குரல் கொடுக்க 2017 வரவேண்டியிருந்தது.

திரையைப் பார்த்துத் திருப்பிப் பேசுவதை இவர்கள்தான் கண்டுபிடித்தார்களா? வழக்கமாகச் சொல்லப்படுகிற வரலாறு தொலைக்காட்சியிலிருந்துதான் தொடங்கும். 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மைலா நூர்மி என்ற நடிகை 'வாம்பிரா' என்ற வேஷத்தில் பேய்ப்படங்களுக்கு நடுவே வந்து நக்கல் பேசினார். 1957இல் யுனிவர்சல் கம்பெனியின் 52 பழைய படங்கள் மொத்தமாகத் தொலைக்காட்சிகளுக்கு விற்கப்பட்டன. ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட வேஷக்காரர்கள் முளைத்தார்கள். சம்பளத்துக்குக் கேலி செய்தவர்களின் வரலாறு என்றால் இது சரி. காசு கொடுத்து உள்ளே போய், கேலியையும் சும்மா கொடுத்துவிட்டு வந்தவர்களின் வரலாறு அதற்கும் முந்தியது.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் கருப்பர்களுக்குக் கொட்டகையில் தனி இடம். பல ஊர்களில் பக்கவாட்டில் தனிப் படிக்கட்டு ஏறி, மேலே கடைசிப் பரணுக்குத்தான் போகவேண்டும். பிணந்தின்னிக் கழுகு உட்காருகிற பரண் என்று அதற்குப் பட்டப்பெயர். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம்தான் இந்தப் பிரிவினையைச் சட்ட விரோதமாக்கியது. அங்கிருந்து கிளம்பி வடக்கே பிழைக்கப் போன லட்சக்கணக்கான கருப்பர்கள் சிகாகோ போன்ற நகரங்களில் தங்களுக்கென்று தனிக் கொட்டகைகளைப் பெற்றார்கள். சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஸ்டேட் தெரு முழுக்க அப்படிப்பட்ட கொட்டகைகள். அது மௌனப்பட காலம். படத்துக்கு இசை நேரில் வாசிக்கப்பட்டது. வெண்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட்டின் குழுவில் 1925இன் கடைசியிலிருந்து லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்தார். திரையில் ஓடியது பெரும்பாலும் வெள்ளைக்கார ஹாலிவுட்டின் படம். கீழே வாசித்தவர்களும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் கருப்பர்கள்.

இந்தக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருந்தது. திரையில் கதாநாயகி கண்ணீர் விடுவாள், குழு குத்தாட்டம் போடுகிற மாதிரி ஜாஸ் வாசிக்கும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு வார்த்தை பேசாமல் வாத்தியத்தாலேயே படத்தின் மானத்தை வாங்கினார்கள். இது நமக்குத் தெரியவந்ததே ஒருவர் அதைக் கண்டித்து எழுதியதால்தான். அவர் டேவ் பெய்ட்டன். அவரே இசைக்குழுத் தலைவர், கருப்பர். 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கருப்பர் பத்திரிகையில் 1920களின் பின்பாதியில் இசைப் பத்தி எழுதியவர். சோகக் காட்சிக்குச் சோகமாக வாசிக்க வேண்டும், கோமாளித்தனம் பண்ணினால் நம் இனத்துக்கு மரியாதை வராது என்பது அவர் கட்சி. அவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்த இசைக்காரர்களுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலை அதில் இருந்தது. ஆனாலும் 'கத்தாதே, கவுரவமா உட்காரு' என்று படித்த நம்மாட்களே நம்மைப் பார்த்துச் சொல்கிற குரலும் அதில் கேட்கத்தானே செய்கிறது?

இந்தச் சிரிப்பு எதைக் குறிவைத்தது என்பதற்கு 1958ஆம் ஆண்டின் ஒரு சாட்சியம் இருக்கிறது. ஸ்டான்லி கிராமர் எடுத்த 'தி டிஃபையண்ட் ஒன்ஸ்'. ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்ட கருப்பர், வெள்ளையர் என்று இரண்டு கைதிகள் தப்பி ஓடுகிறார்கள். கடைசியில் ஓடுகிற ரயிலில் கருப்பர் (சிட்னி பாய்ட்டியர்) ஏறிவிடுகிறார். வெள்ளையரால் ஏற முடியவில்லை. அவருக்காகக் கருப்பரும் ரயிலை விட்டுவிடுகிறார், மாட்டிக்கொள்கிறார். இந்தப் படத்தை இரண்டு இடங்களில் பார்த்ததாக ஜேம்ஸ் பால்ட்வின் 1976இல் வெளிவந்த தன் நூலில் எழுதுகிறார். நியூயார்க்கின் கீழ்ப்பகுதியில் தாராளவாத வெள்ளையர் நடுவே பார்த்தபோது, அந்த முடிவு அவர்களுக்கு நிம்மதி தந்தது, கைதட்டினார்கள். ஹார்லெம் பக்கம் பார்த்தபோது, கூட்டமே அந்தக் கருப்பரைப் பார்த்து, முட்டாளே, திரும்ப ரயிலில் ஏறு என்கிற தோரணையில் கூச்சல் போட்டது. ஆஸ்கர் வாங்கிய படம், தொழில்நுட்பத்தில் குறையில்லாத படம். ஆனால் ஒடுக்கப்பட்டவன் தன் விடுதலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒடுக்கியவனின் மனசாட்சியைக் குளிர வைக்க வேண்டும் என்கிற பொய் அதற்குள் இருந்தது. பத்துப் பக்க விமர்சனம் எழுதிச் சொல்லவேண்டியதை டிக்கெட் வாங்கி வந்த சனங்கள் ஒரே கூச்சலில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். 'மட்டமான படம்' என்பது எது?

1915இல் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. கருப்பர் வேஷங்களில் முக்கியமானவற்றை முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் நடித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கருப்பினச் சட்டமன்ற உறுப்பினர்கள் சபையில் குடிப்பதாகவும், மேஜைமேல் வெறுங்காலைத் தூக்கிப் போடுவதாகவும் காட்டியது படம். கருப்பர்களைக் கொன்று குவித்த கு க்ளக்ஸ் கிளான் கும்பல் இதில் ரட்சகர்கள். அதிபர் வில்சன் இருந்த வெள்ளை மாளிகையில் திரையிடப்பட்டது. என்.ஏ.ஏ.சி.பி. இயக்கம் பல நகரங்களில் எதிர்த்துப் போராடியது. பாஸ்டனில் வில்லியம் மன்றோ ட்ராட்டர் தெருவில் இறங்கினார். அந்த ஆண்டுக் கடைசியில் ஜார்ஜியாவில் கிளான் மறுபிறப்பு எடுத்தது. இந்தப் படம் இன்றும் சினிமா வகுப்புகளில் படத்தொகுப்புச் சாதனையாகப் பாடம். அதன் விஷத்தைக் கண்டித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் சாதனை.

அதற்குப் பதில் சொல்ல வந்தவர் ஆஸ்கர் மிஷோ. 1884இல் இல்லினாய்ஸில் பிறந்தவர், அடிமையாக இருந்தவர்களின் வாரிசு. ரயில் பெட்டியில் போர்ட்டர் வேலை பார்த்தார், தெற்கு டகோட்டாவில் நிலம் உழுதார், நாவல் எழுதி வீடு வீடாக விற்றார். 1919இல் முதல் படம். 1920இல் 'விதின் அவர் கேட்ஸ்'. நிலக்கிழாரைக் கொன்றதாகப் பொய்ப்பழி சுமத்தி ஒரு கருப்பினக் குத்தகை விவசாயக் குடும்பத்தைக் கும்பல் கொல்வதையும், வெள்ளைக்காரன் கருப்பினப் பெண்ணின்மேல் பாய்வதையும் படமாக்கிக் காட்டினார். முந்தைய ஆண்டு இனக்கலவரத்தைப் பார்த்திருந்த சிகாகோவில் தணிக்கை தகராறு செய்தது. படச்சுருளைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் தியேட்டராக அலைந்து விற்ற மனிதர் அவர். 40க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார், பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 'விதின் அவர் கேட்ஸ்' படத்தின் பிரதி ஒன்று ஸ்பெயினில் கிடைத்து, 1993இல்தான் அமெரிக்காவில் சீர்செய்யப்பட்டது. மறுபடி எடுக்க ஃபிலிமுக்குக் காசில்லாததால் தப்பாக வந்த காட்சியையும் அப்படியே சேர்த்தார். நடிகர்கள் தடுமாறுகிறார்கள், வெட்டு துள்ளுகிறது. 1980இல் ஜே. ஹோபர்மன் என்ற விமர்சகர் 'மோசமான படங்கள்' என்று தலைப்பிட்ட கட்டுரையில் எட் வுட்டோடு சேர்த்து மிஷோவையும் வைத்தார். அவர் ரசித்துத்தான் எழுதினார். ஆனாலும் பட்டியல் பட்டியல்தானே? கொலைகாரக் கும்பலைக் கொண்டாடிய படம் 'மகத்தான படம்', அந்தக் கும்பலின் கொலையைச் சாட்சி சொன்னவர் 'மோசமான படம்' எடுத்தவர். தரம் என்கிற அளவுகோல் காசு பண்ணிய அளவுகோல் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வெள்ளையர்களிலும் கையில் காசில்லாதவன் கதி அதுதான். எட் வுட் 1978 டிசம்பரில், குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களில் செத்துப்போனார். 1980இல் மெட்வெட் சகோதரர்கள் ஒரு புத்தகம் போட்டு அவரை உலகின் மிக மோசமான இயக்குநர் என்று அறிவித்தார்கள். மினியாபொலிஸ் குழு 1993இல் கிண்டலடித்துப் பிரபலமாக்கிய 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' படமும் அப்படித்தான். 1966இல் டெக்சாஸின் எல் பாசோவில் உரம் விற்கிற ஹெரால்ட் வாரன் என்பவர் எடுத்தது. சாவி கொடுத்து ஓட்டுகிற கேமரா, ஒரு தடவைக்கு 32 நொடிதான் ஓடும். ஒலிப்பதிவு இல்லை, பிறகு நாலைந்து பேர் எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். அதில் அதிகம் சிரிக்க வைத்த பாத்திரத்தை நடித்த ஜான் ரெனால்ட்ஸ் படம் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பே தற்கொலை செய்துகொண்டார். அந்தக் குழுவிடம் வன்மம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர்களும் அட்டையும் பசையும் வைத்து நிகழ்ச்சி நடத்தியவர்கள்தான். பழைய மட்டப் படங்களின் உரிமைதான் மலிவாகக் கிடைத்தது, அதனால் அவற்றைக் கிண்டலடித்தார்கள். காரணம் அவ்வளவு சாதாரணமானது, விளைவுதான் சாதாரணமில்லை. அதிகாரத்தின் பொய்யைப் பார்த்துச் சிரித்த வாய், படம் எடுத்தவனின் வறுமையைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டது.

வேறு வழியும் இருந்தது. 1973இல் பிரான்சில் ரெனே வியேனே என்பவர் ஒரு ஹாங்காங் சண்டைப் படத்தை எடுத்து, காட்சி எதையும் மாற்றாமல், புதிய வசனத்தை மட்டும் ஏற்றினார். சண்டை போடுகிறவர்கள் அதிகார வர்க்கத்துக்கு எதிரான பாட்டாளிகளாகிவிட்டார்கள். 2004இல் டி.ஜே. ஸ்பூக்கி என்ற கருப்பினக் கலைஞர் கிரிஃபித்தின் அந்தப் படத்தையே வெட்டி ஒட்டி, புது இசை சேர்த்து, அதற்கு எதிராகவே திருப்பினார். கேலிக்கு இலக்கு எதுவாக இருக்க வேண்டும் என்பதில் இவர்கள் இரண்டு பேருக்கும் குழப்பமில்லை.

நமக்கு எதற்கு அமெரிக்கக் கதை என்று கேட்கலாம். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைக்கும்போது கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்தார்கள். அரசியலைக் கற்றுக்கொண்ட இடத்திலிருந்து சிரிப்பையும் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. அதோடு, 'தரை டிக்கெட்' என்ற வார்த்தையே நம்மூரில் வசவு. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் போட்ட சத்தத்தை ரசனை கெட்டவர்களின் கூச்சல் என்றுதான் நாற்காலிக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பண்ணையார் மீசையை முறுக்கியபோது தரையிலிருந்து என்ன குரல் வந்தது? கறுப்பு மை பூசிக்கொண்டு சேரிப்பெண்ணாக ஒரு நடிகை ஆடியபோது அங்கே இருந்த நம் அம்மாக்கள் என்ன சொன்னார்கள்? பெய்ட்டன் திட்டி எழுதியதால் சிகாகோவின் சிரிப்பு பிழைத்துக்கொண்டது. நம்முடையதைத் திட்டிக்கூட யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. அந்தக் கொட்டகைகள் போய்விட்டன. அங்கே கத்தியவர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. மாணவர்கள் தங்கள் ஊரில் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்கிற வார்த்தையை, கெட்ட வார்த்தை உட்பட, திருத்தாமல் எழுதி அனுப்ப வேண்டும். நம்முடைய சினிமா விமர்சனத்தின் முதல் ஏடுகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.