நீண்ட பாராளுமன்றத்தின் கைதிகளும் மனுக்களும்

நீண்ட பாராளுமன்றம் என்பது 1640 நவம்பர் 3 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடி, 1653 ஏப்ரலில் ஆலிவர் கிராம்வெல்லின் படைவீரர்களால் வெளியேற்றப்படும்வரை நீடித்த இங்கிலாந்துப் பாராளுமன்றம். முதலாம் சார்லஸ் மன்னரோடு அது நடத்திய உள்நாட்டுப் போரின் களங்களையும் தளபதிகளையும் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தன் கையில் சிக்கிய கைதிகளையும் வாசலில் மனுவோடு நின்றவர்களையும் அது நடத்திய விதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மன்னர் அடைத்து வைத்தவர்களை விடுவித்துத் தன் வேலையைத் தொடங்கிய சபை, சில ஆண்டுகளிலேயே தானும் சிறை நடத்தும் சபையாக மாறியது.

தொடக்கம் நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது. வில்லியம் பிரின், ஹென்றி பர்ட்டன், ஜான் பாஸ்ட்விக் ஆகிய மூவரும் ஆயர்களுக்கு எதிராக எழுதியதற்காக 1637இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தால் காதறுக்கப்பட்டு, தொலைதூரத் தீவுகளில் சிறை வைக்கப்பட்டவர்கள். சபை கூடிய முதல் வாரத்திலேயே பர்ட்டன், பாஸ்ட்விக் இருவரின் மனைவியர் கொடுத்த மனுக்கள் வாசிக்கப்பட்டன. நவம்பர் 28 அன்று பிரின்னும் பர்ட்டனும் லண்டனுக்குள் நுழைந்தபோது பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது. சட்டவிரோத நூல்களைப் பரப்பியதற்காகச் சவுக்கடி பட்டுச் சிறையில் கிடந்த ஜான் லில்பர்ன் என்ற இளைஞருக்காக மனுவைக் கொண்டுவந்தவர், அப்போது அதிகம் அறியப்படாத உறுப்பினரான கிராம்வெல். 1641 ஜூலையில் ஸ்டார் சேம்பரே ஒழிக்கப்பட்டது.

மனு அந்நாளில் புதிய கருவி அல்ல. நிலத்தகராறு, கடன், வேலை நீக்கம் என எதற்கும் மக்கள் மனு எழுதினார்கள். உறுப்பினர் ஒருவர் வழியாகச் சபைக்குள் போகும் மனுவை எழுத்தர் உரக்க வாசிப்பார். கொண்டுவந்தவர்கள் சபையின் குறுக்குத் தடுப்பு அருகே அழைக்கப்பட்டுப் பதில் பெறுவார்கள். சிக்கலானவை குழுவுக்குப் போகும். பாராளுமன்றத்தின் இரு அவைகளில் காமன்ஸ் சபைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை, 1834 அக்டோபரில் பாராளுமன்றக் கட்டடத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் அழிந்தன. வேறிடத்தில் வைத்திருந்த மற்ற அவையான பிரபுக்கள் சபையின் ஆவணங்கள் தப்பின. எளிய மனிதர்களின் குரல் இன்று நமக்குக் கேட்பது பெரும்பாலும் அந்தக் கட்டுகளிலிருந்துதான்.

1640க்குப் பிறகு மனு அரசியல் ஆயுதமானது. ஆயர் ஆட்சியை வேரோடு ஒழிக்கக் கோரி 1640 டிசம்பரில் லண்டன் நகரத்தார் கொடுத்த மனுவில் சுமார் 15,000 கையொப்பங்கள் இருந்தன. 1642 ஜனவரியில் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னரே சபைக்குள் புகுந்தபோது, அவர்களில் ஒருவரான ஜான் ஹாம்ப்டனுக்காகப் பக்கிங்காம்ஷயரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மனுவோடு குதிரையேறி வந்தார்கள். சபை அவர்களை மகிழ்ந்து வரவேற்றது. அதே ஆண்டு வசந்தத்தில் கென்ட் மாவட்டத்தார் மன்னருக்கு ஆதரவாக ஒரு மனுவை எழுதினார்கள். அதைப் பொது இடத்தில் எரிக்கச் சபை உத்தரவிட்டது. துணிந்து அதை நேரில் கொண்டுவந்த கவிஞர் ரிச்சர்ட் லவ்லேஸ் கேட்ஹவுஸ் சிறைக்கு அனுப்பப்பட்டார். மனு கொடுக்கும் உரிமையைச் சபை போற்றியதா, தனக்குச் சாதகமான மனுக்களை மட்டும் போற்றியதா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. போர் முழுவதும் அது தீரவில்லை.

போர் 1642 ஆகஸ்டில் தொடங்கியது. பிடிபட்ட வீரரை எந்தச் சட்டத்தின்கீழ் வைப்பது என்பது இரு தரப்புக்கும் புரியாத சிக்கல். மன்னர் பார்வையில் எதிரணி வீரன் ஒவ்வொருவனும் ராஜத்துரோகி, துரோகிக்குத் தூக்கு. 1642 நவம்பரில் பிரென்ட்ஃபோர்டில் பாராளுமன்றத் தரப்பில் போரிட்டுப் பிடிபட்ட லில்பர்ன், மன்னர் தங்கியிருந்த ஆக்ஸ்ஃபோர்டில் துரோக வழக்கை எதிர்கொண்டார். அவர் மனைவி எலிசபெத் காமன்ஸ் சபையிடம் முறையிட்டார். எங்கள் ஆட்களைக் கொன்றால் எங்கள் கையிலுள்ள உங்கள் ஆட்களுக்கும் அதே கதிதான் என்று சபை அறிவித்தது. அந்தச் செய்தி அடங்கிய கடிதத்தைச் சுமந்து, கர்ப்பிணியான எலிசபெத்தே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். வழக்கு நின்றது, லில்பர்ன் 1643இல் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். பெரும்பாலான கைதிகள் உயிர் பிழைத்தது இப்படிப்பட்ட பரஸ்பர அச்சத்தால்தான்.

அந்தக் காப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மன்னருக்காகப் போரிடும் ஐரிஷ்காரர் எவருக்கும் உயிர்ப்பிச்சை அளிக்கக் கூடாது என்று பாராளுமன்றம் 1644 அக்டோபர் 24 அன்று அவசரச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு ஷ்ரூஸ்பரி வீழ்ந்தபோது பிடிபட்ட ஐரிஷ் வீரர்கள் சிலர் தூக்கிலிடப்பட்டனர். மன்னரின் மருமகனும் தளபதியுமான இளவரசர் ரூபர்ட், பதிலுக்குத் தன்னிடமிருந்த பாராளுமன்றக் கைதிகள் 13 பேரைத் தூக்கிலிட்டார். களத்து வெறியில் நடந்த கொலைகளை விட, உறுப்பினர்கள் அமர்ந்து வாசித்து நிறைவேற்றிய இந்தச் சட்டமே கொடியது. சபையின் வரலாற்றில் இதைவிடக் கறுத்த பக்கம் குறைவு.

லண்டனில் சிறைகள் நிரம்பி வழிந்தன. லண்டன் டவர் கோட்டையும் நியூகேட் சிறையும் போதாமல் லாம்பெத், ஈலி, வின்செஸ்டர் மாளிகைகள் போன்ற ஆயர்களின் இல்லங்கள் சிறைகளாக்கப்பட்டன; தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களிலும் கைதிகள் அடைக்கப்பட்டனர். அரசர் பக்கம் நின்றவர்களின் சொத்துகளை ஜப்தி செய்ய 1643இல் சட்டம் வந்தது. அபராதம் கட்டி நிலத்தை மீட்க விரும்பியவர்கள் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் இருந்த குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். செய்த குற்றத்தையும் சொத்தின் மதிப்பையும் தாமே எழுதித் தரவேண்டும். குற்றத்தின் அளவுக்கேற்ப அபராதம் கூடும், குறையும். ஜப்தியான சொத்தின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படலாம் என்று சட்டம் இடம் தந்ததால், குழுக்களின் வாசலில் பெண்கள் பெருகினார்கள். மதப் பிரமாணம் ஒன்றை ஏற்க மறுத்து பிரான்சுக்குப் போய்விட்ட உறுப்பினர் ரால்ஃப் வெர்னியின் மனைவி மேரி, கணவரை அங்கே விட்டுவிட்டு லண்டன் வந்து, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளை பெற்று, உறுப்பினர் வீடுகளுக்கு ஏறி இறங்கி, 1648 ஜனவரியில் ஜப்தியை நீக்கவைத்தார்.

கூட்டமாக வந்த பெண்களுக்கு அந்தப் பொறுமை காட்டப்படவில்லை. 1643 ஆகஸ்டில் தொப்பியில் வெள்ளை ரிப்பன் குத்திக்கொண்டு சமாதானம் கேட்டு வந்த பெண்கள்மீது காவலர்கள் துப்பாக்கியால் சுட்டனர், குதிரைப்படை விரட்டியது, சிலர் மாண்டனர்.

1646இல் முதல் போர் முடிந்தபின் நிலைமை தலைகீழானது. பிரபுக்கள் சபையின் முன் மண்டியிட மறுத்த லில்பர்ன் நியூகேட்டிலும் பின்னர் டவரிலும் அடைக்கப்பட்டார். முன்பு எந்தச் சபை அவரை விடுவித்ததோ அந்தச் சபையிடமே அவருக்காக மனுக்கள் வரத்தொடங்கின. அவரைச் சுற்றித் திரண்ட லெவலர்கள், வாக்குரிமையும் சமய உரிமையும் கோரியவர்கள், மனுவையே தங்கள் இயக்கத்தின் உயிர்நாடியாக்கினார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஓவர்ட்டன் சிறையிலிருந்தபோது, துண்டுப் பிரசுரங்களைத் தைத்துக் கொடுத்த குற்றத்துக்காக அவர் மனைவி மேரி 1647இல் கைதானார். நடக்க மறுத்த அவரைக் கைக்குழந்தையோடு தெருவில் இழுத்துக்கொண்டு போய் பிரைட்வெல் சிறையில் தள்ளினார்கள். அங்கிருந்து அவர் காமன்ஸ் சபைக்கு எழுதிய மனு அச்சாகிப் பரவியது. அதே ஆண்டு மே மாதம் லெவலர்களின் பெரிய மனு ஒன்றைத் தூக்கிலிடுபவரின் கையால் எரிக்கச் சபை தீர்மானித்தது. கென்ட் மனு எரிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன.

மன்னரின் தலை 1649 ஜனவரி 30 அன்று வெட்டப்பட்டது. அதன் பிறகும் லெவலர்களுக்குச் சிறைதான்: மார்ச் இறுதியில் அவர்களின் தலைவர்களான லில்பர்ன், ஓவர்ட்டன், வில்லியம் வால்வின், தாமஸ் பிரின்ஸ் நால்வரும் கைது செய்யப்பட்டனர். ஏப்ரலில் அவர்களை விடுவிக்கக் கோரிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் சபை வாசலுக்கு வந்தார்கள். இது உங்களுக்குப் புரியாத விஷயம், உங்கள் கணவர்களுக்குப் பதில் சொல்லியாயிற்று, வீட்டுக்குப் போய் வீட்டு வேலையைப் பாருங்கள் என்பதே சபை தந்த மறுமொழி. மே மாதம் அவர்கள் மறுபடியும் வந்தார்கள். கிறிஸ்துவின் முன்னும் நாட்டின் உரிமைகளிலும் ஆணுக்குச் சமமான பங்கு தங்களுக்கும் உண்டு என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் இவ்வளவு தெளிவாக வேறு எவரும் சபையிடம் பேசியதாகத் தோன்றவில்லை. லில்பர்னை நடுவர் குழு அக்டோபரில் குற்றமற்றவர் என்று விடுவித்தது. நவம்பரில் நால்வரும் வெளிவந்தனர்.

மனு எழுத வாய்ப்பே இல்லாத கைதிகளும் இருந்தார்கள். 1650 செப்டம்பரில் டன்பாரில் கிராம்வெல்லின் படையிடம் தோற்ற ஸ்காட்லாந்து வீரர்களில் சுமார் 3,000 பேர் டரம் பேராலயத்துக்குள் அடைக்கப்பட்டனர். இரண்டு மாதங்களுக்குள் சுமார் 1,600 பேர் நோயிலும் பசியிலும் மடிந்ததாக, பொறுப்பிலிருந்த ஆர்தர் ஹேசல்ரிக் தாமே எழுதிய கடிதம் சொல்கிறது. பிழைத்தவர்களில் 150 பேர் நியூ இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். 2013இல் பேராலயத்தின் அருகே கட்டடப் பணியின்போது அவர்களில் சிலரின் எலும்புகள் கிடைத்தன.

1660இல் முடியாட்சி திரும்பியதும், மனுக்கூட்டங்களே போரை மூட்டின என்று புதிய ஆட்சியாளர்கள் கருதினார்கள். சமயத்திலோ ஆட்சியிலோ மாற்றம் கோரும் மனுவில், நீதிபதிகளின் அனுமதியின்றி 20 பேருக்கு மேல் கையொப்பம் திரட்டக் கூடாது, பத்துப் பேருக்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று 1661இல் சட்டம் செய்தார்கள். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் மனுக் கொடுத்த ஆயர்கள் எழுவர் டவரில் அடைக்கப்பட்டு, ஜூன் 30 அன்று குற்றமற்றவர்கள் என்று தீர்ப்புப் பெற்றனர். அடுத்த ஆண்டு வந்த உரிமைச் சட்டம், மன்னருக்கு மனுச் செய்வது குடிமக்களின் உரிமை, அதற்காகச் சிறைப்படுத்துவது சட்டவிரோதம் என்று எழுதிவைத்தது. பாராளுமன்றத்துக்குச் செய்யும் மனுவைப் பற்றி அந்த வரியில் ஒன்றும் இல்லை. 1661ஆம் ஆண்டுச் சட்டம் 1986வரை ரத்தாகவில்லை.