செங்கல்பட்டுக்குப் போன பிள்ளைகள்

மதகடிப்பட்டுச் சந்தையில பதினோரு வயசுப் பையன் ஒருத்தன், மாட்டு வியாபாரி மடியிலிருந்து பணத்தை உருவிட்டான்னு வச்சிக்குவோம். வருஷம் 1900. சும்மா ஒரு கற்பனைதான். ஆனா அவன் எந்தப் பக்கம் ஓடி மாட்டினான் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். மதகடிப்பட்டு பிரெஞ்சு மண். விழுப்புரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இங்கிலீஷ்காரன் ஆட்சி. எங்கள் பக்கத்து எல்லைகள் பின்னிக் கிடக்கும் அழகு தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை.

பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் 1810இல் வந்தது. குழந்தை விஷயத்தில் அது கேட்ட கேள்வி ஒன்றுதான்: விவரம் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா? தெரியாமல் செய்தான் என்றால் விடுதலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுதலையான பிள்ளையைப் பெற்றவர்களிடமும் கொடுக்கலாம், சீர்திருத்த இல்லத்துக்கும் அனுப்பலாம். அங்கே இருபது வயசு வரைக்கும்கூட வைத்திருக்க முடியும். குற்றவாளி இல்லை, ஆனாலும் உள்ளே! பிரான்ஸில் தூர் நகரத்துக்குப் பக்கத்தில் மெத்ரே என்ற ஊரில் 1840இல் தொடங்கிய பண்ணைக் குடியிருப்பு இப்படித்தான் நிரம்பியது. 1937 வரை நடந்தது.

இங்கிலீஷ் பக்கம் 1860இன் இந்திய தண்டனைச் சட்டம். ஏழு வயசுக்குக் கீழே குற்றமே கிடையாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்தது புரிகிற பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். பக்குவம் இருந்தது என்று முடிவானால் மாஜிஸ்திரேட்டுக்கு மூன்று வழி: சிறை, பிரம்படி, சீர்திருத்தப் பள்ளி.

பிரம்படி இருந்ததிலேயே செலவு கம்மி. 1864இன் கசையடிச் சட்டம் சிறுவர்களுக்கு மற்ற தண்டனைக்குப் பதிலாக இதைக் கொடுக்க அனுமதித்தது. பதினாறு வயசுக்குக் கீழே என்றால் பதினைந்து அடிக்கு மேல் போகக்கூடாது என்று நடைமுறைச் சட்டம் எண்ணிக்கூட வைத்திருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் அடிக்கிற மாதிரி அடிக்க வேண்டுமாம். அடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கொடுமைதான், ஆனால் பையன் அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் இருப்பான்.

மூன்றாவது வழிதான் செங்கல்பட்டு. 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது, 1887இல் செங்கல்பட்டில் பள்ளி திறந்தார்கள். விஜயநகரக் காலத்துக் கோட்டைக்குள் பள்ளிக்கூடம். மதிலும் அகழியும் ஏற்கெனவே தயார். படிப்போடு தச்சு, நெசவு மாதிரி கைத்தொழில் கற்றுக்கொடுப்பது திட்டம். திருடன் பிள்ளையை ஆசாரியாக்கி அனுப்புவது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

1897இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். அதில் என்னை நிறுத்திய ஒரு விஷயம் காலக்கெடு. பதினைந்து வயசுக்குக் கீழான பையனை அனுப்பினால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு. பதினெட்டு வயசானால் வெளியே. அதே அற்பத் திருட்டுக்குப் பெரியவன் சில வாரமோ மாதமோ உள்ளே இருந்துவிட்டு வருவான். பையனுக்கு மூன்று வருஷம், ஏனென்றால் இது தண்டனை இல்லை, பராமரிப்பு! பராமரிப்பு என்று பேர் வைத்ததும் அளவு பார்க்கிற கவலை போய்விட்டது. இந்த ஒரு வரியை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. இன்னொன்று: அந்தச் சட்டம் பையன்களுக்கு மட்டும்தான். பெண்பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பது அதன் யோசனையிலேயே இல்லை.

1919-20 சிறைக் குழு, சிறுவர்களைச் சிறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தனி நீதிமன்றம் வையுங்கள் என்றது. சென்னை மாகாணம் 1920இலேயே குழந்தைகள் சட்டம் போட்டது. இந்தியாவில் இதுதான் முதல். வங்காளம் 1922, பம்பாய் 1924. பெருமைப்படலாம், தப்பில்லை. செங்கல்பட்டுக்கு ‘சீனியர் சர்டிபைடு ஸ்கூல்’ என்று பேர் வந்தது. பிறகு ‘அப்ரூவ்டு ஸ்கூல்’. 1986 சிறார் நீதிச் சட்டத்துக்கு அப்புறம் ‘சிறப்பு இல்லம்’. விசாரணைக் காலத்தில் வைக்கிற இடத்துக்குக் ‘கூர்நோக்கு இல்லம்’. நடுவில் 1955இல் கசையடித் தண்டனையைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

பிரம்பு சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது. இல்லத்தை விட்டுப் போனதா?

2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்தில் பதினேழு வயசுப் பையன் ஒருவனை ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்தது. ரயில்வே பேட்டரியைத் திருடினான் என்று வழக்கு. செங்கல்பட்டு இல்லத்துக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். ஜனவரியில் கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் ஆறு பேர், அடித்தே கொன்றார்கள் என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். வழக்கு நடந்த விதம் பற்றி இங்கே நான் எழுதப் போவதில்லை. அந்தப் பையன் உள்ளே இருந்தது நாள் கணக்கில்தான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். 1887இல் தொடங்கிய அதே ஊர்.

2015 சிறார் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு இல்லங்களில் அடிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். எந்தத் தடவையானாலும் வேலையும் போகலாம். (கொடுமைப்படுத்தினால் 75ஆம் பிரிவில் கடுமையான தண்டனை தனியாக உண்டு.) அதே சட்டத்தில் 15ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். பதினாறு முடிந்த பிள்ளை கொடூரக் குற்றத்தில் சிக்கினால், விளைவு புரிகிற பக்குவம் இருந்ததா என்று மதிப்பிட வேண்டுமாம். 1810இன் பிரெஞ்சுக் கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

பக்குவத்தை அளக்க இருநூறு வருஷமாக அக்கறையோடு கேள்வி கேட்கிறோம். ராத்திரி அந்தப் பிள்ளை தூங்குகிற அறைக்கு யார் பொறுப்பு, அவருக்கு என்ன பயிற்சி, அவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்பது அபூர்வம். 2016 மாதிரி விதிகளில் ஆற்றுப்படுத்துநர், நன்னடத்தை அலுவலர், ‘இல்லத் தந்தை’, ‘இல்லத் தாய்’ என்று பதவிகள் இருக்கின்றன. சம்பளப் பட்டியலில் அவை எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் பராமரிப்பின் நிஜ வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

செங்கல்பட்டுச் சாவுக்குப் பிறகு நீதிபதி கே. சந்துருவைத் தமிழக அரசு ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2023 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். இந்த இல்லங்களுக்கென்று தனி நிர்வாகம் வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனைகளில் ஒன்று. அவற்றைப் பார்த்துவந்த சமூகப் பாதுகாப்புத் துறையின் பேர் இப்போது ‘குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை’.